கொல்லா நீர்

பாபநாசம் படித்துறையில் பொரி விற்கிற அம்மாள் காசை வாங்கிக்கொண்டு பொட்டலத்தை நீட்டும்போதே மீன்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் கருமுதுகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். வாயைப் பிளந்து, பாதி உடம்பை நீருக்கு மேலே தூக்கி, பொரியோடு காற்றையும் சேர்த்து விழுங்குகிற சத்தம் பொளக் பொளக்கென்று கேட்கிறது. சின்ன வயதில் இதே படியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆச்சி நிற்பாள். "தொட்டுப் பாருலே, கடிக்காது. நாம ஒண்ணும் செய்ய மாட்டோம்னு அதுக்குத் தெரியும்" என்பாள். தொட்டிருக்கிறேன். வழவழப்பும் குளிர்ச்சியுமாக ஓர் உயிர் விரலடியில் நழுவிப் போனது இன்னும் கையில் இருக்கிறது.

இந்தப் படித்துறையில் யாரும் வலை வீசுவதில்லை. பலகையில் எழுதி வைக்காமலே தலைமுறைகளாக நடந்துவரும் கட்டுப்பாடு இது. கொஞ்சம் கீழே போனால் தூண்டில் உண்டு, வலையும் உண்டு. மீன்களுக்கும் அந்த எல்லை பிடிபட்டிருக்கும்போல, இந்தச் சிறு துண்டு நீருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகின்றன.

ஆனால் இந்த முறை கண்ணில் முதலில் பட்டது மீனல்ல, துணி. பரிகாரம் செய்ய வருகிறவர்கள் உடுத்தியதை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தன்னார்வலர்கள் அள்ள அள்ள வந்துகொண்டே இருக்கிறது. கல்லில் சிக்கிய ஒரு வேட்டி நீரோட்டத்தில் நெளிந்துகொண்டிருந்தது. அதன் மடிப்புக்குள் ஒரு மீன் போய் மாட்டி, உடம்பை முறுக்கி, எப்படியோ பின்வாங்கி வெளியே வந்தது. கொல்ல நினைக்காத ஒருவரின் வேட்டிதான் அது. என்னுடைய இந்தப் பயணம் முழுக்க அந்த வேட்டி கூடவே வந்தது.

நான் வந்தது ஆற்றோடு இறங்கிக் கடல்வரை போவதற்கு. தேடிப் போனது திமிங்கிலத்தை. மலையடிவாரத்தில் நின்றுகொண்டு திமிங்கிலத்தைப் பற்றிப் பேசுவது ஊர்க்காரர்களுக்கே விசித்திரமாகப் பட்டது. ஆனால் பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்கிற இந்தத் தாமிரபரணி ஏறக்குறைய 125 கிலோமீட்டர்தான். மலை, வயல், மணல், கடல் எல்லாம் ஒரு நாள் தூரத்துக்குள் அடங்கிவிடுகிற தேசம் இது. இங்கே எது எதற்கும் வெகுதூரமில்லை.

கோயிலுக்குள் உலகம்மை சந்நிதிக்கு முன்னால் பெண்கள் உரலில் விரலி மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்கள். உலக்கைச் சத்தத்துக்கு நடுவே அகத்தியரை நினைத்துக்கொண்டேன். கயிலையில் நடந்த திருமணக் கூட்டத்தின் பாரத்தால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர, அதைச் சமன் செய்ய அனுப்பப்பட்டவர். திருமணக் கோலத்தை இறைவன் அவருக்குக் காட்டியது இங்கேதான் என்பது தலபுராணம். அந்த முனிவருக்கு இன்னொரு கதையும் உண்டு. கடலுக்குள் ஒளிந்த அசுரர்களை வெளிக்கொண்டுவர, கடல் நீர் முழுவதையும் உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். கதை அசுரர்களோடு முடிந்துவிடும். வற்றிய கடலின் தரையில் மூச்சுக்குத் தவித்துக் கிடந்திருக்கக்கூடிய மற்ற உயிர்களைப் பற்றிச் சின்ன வயதில் ஆச்சியிடம் கேட்டேன். "திருப்பி விட்டிருப்பாருலே" என்றாள்.

இருபதாம் நூற்றாண்டும் கடலைக் குடித்தது. 1900க்கும் 1999க்கும் இடையில் உலகக் கடல்களில் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் ஏறக்குறைய 29 லட்சம் என்று, வேட்டைக் கப்பல்களின் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எடையில் பார்த்தால் மனிதர் எந்த விலங்கையும் இந்த அளவுக்கு வேட்டையாடியதில்லை என்பது அவர்களின் கருத்து.

கோயிலிலிருந்து இறங்கினால் விக்கிரமசிங்கபுரம். ஹார்வி மில் என்று இன்றும் ஊர் சொல்கிற பஞ்சாலை 1880களில் பாபநாசம் அருவியின் விசையை நம்பி இங்கே வந்தது. இது வருவதற்கு முன்பு, லங்காஷயரிலும் நியூ இங்கிலாந்திலும் பஞ்சாலைக் கதிர்களுக்கு இட்ட எண்ணெய்களில் உயர்ந்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். எளிதில் கெட்டியாகாது, பிசுபிசுக்காது. அந்தத் திமிங்கிலத்தின் தலைக்குள் இருக்கும் மெழுகில் செய்த மெழுகுவத்திதான் அக்காலத்துப் பணக்கார வீடுகளின் விளக்கு. அதற்காகவே அமெரிக்க வேட்டைப் பாய்க்கப்பல்கள் பூமியைச் சுற்றி இலங்கைக் கடல்வரை வந்தன. நம் பருத்தி அங்கே போய் நூலானதும், நம் கடலின் உயிர் அந்தக் கதிர்களுக்கு எண்ணெயானதும் ஒரே நூற்றாண்டில் நடந்தவை. நாம் பருத்தியின் கதையை மட்டும் பள்ளியில் படித்தோம்.

கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வழியில் திருப்புடைமருதூருக்குத் திரும்பினேன். கடனாநதி தாமிரபரணியில் கலக்கிற இடம். நாறும்பூநாதர் கோயிலின் லிங்கம் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். ஆற்றில் வெள்ளம். அக்கரையில் நின்ற கருவூர்ச் சித்தரால் கடக்க முடியவில்லை. அங்கிருந்தே அவர் கூப்பிட, அந்தக் குரலைக் கேட்கத் தலை சாய்த்தார் சாமி, சாய்ந்தபடியே இருந்துவிட்டார் என்பது கதை. தொலைவிலிருந்து வரும் குரலுக்குச் செவி சாய்க்கிற ஒரு தெய்வத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் வக்காவும் நெருக்கியடித்துக் கூடு கட்டுகின்றன. கீழே நடப்பவர் தலையில் எச்சம் விழும், மீன்நாற்றம் அடிக்கும். ஊரார் பொறுத்துக்கொள்கிறார்கள். பட்டாசு விஷயத்தில் அடக்கமாக இருக்கிறார்கள். இந்த மரங்கள் நிற்கிற மூன்று ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தை 2005இல் அரசு பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தது. அந்த வகையில் நாட்டிலேயே முதலாவது. ஊர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததற்கு அரசு ஒரு பெயர் கொடுத்தது, அவ்வளவுதான். படித்துறை மீன் இருநூறடி நீர் கேட்கிறது, கொக்கு நாலு மரம் கேட்கிறது. ஒரு பெருங்கடல் முழுவதும் கேட்கிற உயிருக்கு எந்த ஊர் காவல் நிற்கும்?

திருநெல்வேலியில் நான் நிற்கவில்லை. எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியதும் ஆறு சோர்ந்துவிடுகிறது. வாழைத் தோட்டங்களும் தேரி மணலும் மாறி மாறி வருகின்றன. கொற்கைக்குப் போனேன். யவனர் எழுதிவைத்த பாண்டியர் துறைமுகம் இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. தோண்டிய இடங்களில் சங்கும் சிப்பியும் இன்னும் அகப்படும். கடலும் கரையும் நிலையானவை என்ற நினைப்பு இங்கே உதிர்ந்துவிடுகிறது.

பட்டினப்பாலை காட்டும் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டவர்கள். நம் மீனவர்கள் வேளா என்று சொல்கிற மீனுக்கும் அப்படிப்பட்ட கொம்பு உண்டு, இருபுறமும் பல்வைத்த வாள் போல. கரையோரத்துப் பழைய வேளாங்கொம்புகளை மாதா கோயில்களில் காணிக்கையாகப் பார்த்திருக்கிறேன். வேளாவைப் பார்த்த ஆளைக் கண்டுபிடிப்பதே இப்போது கடினம். அதைப் பெரும்பாலும் யாரும் குறிவைத்துத் துரத்தவில்லை. அந்த வாள் எந்த வலையிலும் மாட்டிக்கொள்ளும். அதுவே போதுமானதாக இருந்துவிட்டது.

புன்னைக்காயலில் ஆறு கடலைத் தொடுகிற இடம் சத்தமில்லாதது. அலையாத்திச் செடிகள், சேறு, தூரத்தில் மாதா கோயில். பதினாறாம் நூற்றாண்டில் தமிழை அச்சில் ஏற்றிய ஊர்களில் ஒன்று இது. பக்கத்துப் பழையகாயல்தான் மார்கோ போலோ எழுதிய காயல் நகரம், அரேபியக் குதிரைகள் வந்திறங்கிய துறை. அதே நூலில் அவர் சொகோத்ரா தீவைப் பற்றியும் எழுதுகிறார். அங்குள்ளவர்கள் திமிங்கிலத்தை ஈட்டியெறிந்து கொன்று அம்பர் எடுப்பதைச் சொல்கிறார். அந்தச் சரக்கும் இந்தத் துறைகளின் வழியே போயிருக்கும் என்றே நினைக்கிறேன். நம் சித்த மருத்துவம் அதை மீனம்பர் என்கிறது. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில், செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றித் திரள்கிற பொருள். வெளியேறி மிதந்து, வெயிலிலும் உப்பிலும் ஆண்டுக்கணக்கில் பதப்பட்டு வாசனையாகிறது.

இன்று தூத்துக்குடி, திருநெல்வேலிச் செய்தித்தாள்களில் அதன் பெயர் 'திமிங்கில எச்சம்'. காரில் கடத்தியவர்கள் கைது, கோடி மதிப்பு என்று மாதம் தவறாமல் வருகிறது. இந்தியாவில் அதை வைத்திருப்பதே குற்றம். கரையில் ஒதுங்கியதை எடுத்தால் என்ன தவறு என்று கேட்கிறவர்கள் உண்டு. விலை ஒன்று வந்துவிட்டால் ஒதுங்குவதற்காகக் காத்திருக்கக் கை பொறுக்காது என்பதுதான் அதற்கு நான் கண்ட பதில்.

திருச்செந்தூரில் கும்பிட்டுவிட்டு மணப்பாடு போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று. உச்சியில் திருச்சிலுவைக் கோயில், அடியில் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. புயலில் தப்பிய ஒரு போர்த்துக்கீசியக் கப்பலின் பாய்மரத் துண்டைச் சிலுவையாக நட்டதிலிருந்து தொடங்குகிறது ஊரின் கதை. கடலிடமிருந்து உயிர்பிழைத்த நன்றியில் எழுந்த கோயில். அதன் காலடியில்தான் 2016 ஜனவரியில் அந்தத் துயரம் நடந்தது.

மணப்பாட்டுக்கும் கல்லாமொழிக்கும் நடுவே 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அன்று கடலில் இறங்கியவர்களில் ஒருவர். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க இருந்தீகளா?" என்று கேட்டேன். கையை நிறுத்தாமலே பேசினார்.

"ராத்திரி இருட்டுல அழுகுற சத்தம் தம்பி. புள்ள அழுற மாரி. விடிஞ்சு பார்த்தா கரை முழுக்கக் கருப்பா கெடக்கு. மூச்சு விடுது, புஸ்ஸு புஸ்ஸுன்னு. படகுல கட்டி ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டோம். நாங்க கரை வந்து சேருறதுக்கு முன்னால அது வந்து சேந்துட்டு. மறுபடி இழுத்தோம். மறுபடி வந்துட்டு."

"ஏன் அண்ணாச்சி?"

"ஒண்ணு கரையில கெடந்தா இன்னொண்ணு போகாது. குடும்பம்லா."

ஆய்வாளர்களும் அதையேதான் சொல்கிறார்கள். பைலட் திமிங்கிலங்கள் தாய்வழிக் கூட்டமாக வாழ்நாள் முழுக்கச் சேர்ந்தே திரிபவை. ஆழ்கடலில் ஒலியெழுப்பி எதிரொலியில் வழி காண்பவை, சரிவான மணற்கரை அந்த எதிரொலியைக் குழப்பிவிடுகிறது. 40க்கும் மேற்பட்டவை இறந்தன. குழி வெட்டி இங்கேயே புதைத்தார்கள். இதே கரைப்பகுதியில் 1973 ஜனவரியில் 147 ஒதுங்கிய செய்தி மீன்வள ஆய்வுப் பதிவுகளில் இருக்கிறது. அப்பாவின் தலைமுறைக்கு ஒரு ஜனவரி, மகனின் தலைமுறைக்கு ஒரு ஜனவரி.

மணற்குன்றின் மேல் ஏறி உட்கார்ந்தேன். தெற்கிலும் கிழக்கிலும் வெறும் கடல். திமி என்றால் பெருமீன், அதை விழுங்குவது திமிங்கிலம், அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று பழைய நிகண்டுகள் அடுக்கிக்கொண்டே போகும். விழுங்குவதற்கு மேல் ஒரு விழுங்கி. கண்ணுக்கு எட்டாததைச் சொல்லால் எட்டிப் பிடிக்கப் பார்த்தவர்களின் பயம் அந்த அடுக்கில் இருக்கிறது. உண்மையில் விழுங்க வந்தவை இரும்பாலானவை.

1963 முதல் 1967 வரை சோவியத் வேட்டைக் கப்பல்கள் அண்டார்டிகாவுக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் நம் பக்கத்துக் கடல்களுக்குள் புகுந்து, ஒப்பந்தங்களை மீறி, 1,200க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. அரபிக்கடலில் 242 கூன்முதுகுத் திமிங்கிலங்கள், பெரும்பாலும் 1966 நவம்பரில். மாஸ்கோவில் வகுத்த உற்பத்தி இலக்கை எட்டவேண்டும், அதற்காக. சர்வதேசத் திமிங்கில ஆணையத்துக்குக் கொடுத்தது பொய்க்கணக்கு. கப்பலில் இருந்த உயிரியலாளர்கள் உண்மைக் கணக்கை ஒளித்துவைத்திருந்தார்கள். சோவியத் ஒன்றியம் சிதைந்த பிறகு, 1990களில் அலெக்சேய் யாப்லகோவ், யூரி மிகாலெவ் போன்றவர்கள் அதை வெளியிட்டார்கள். நம் வாசலில் முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த கொலையை அப்போதுதான் உலகம் அறிந்தது.

அரபிக்கடலின் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் தனிக்குடி. மற்ற இனத்தார் போலக் குளிர்கடலுக்கும் வெப்பக்கடலுக்கும் இடையே அலையாமல் ஆண்டு முழுவதும் இந்தக் கடலிலேயே வாழ்பவை. ஏறக்குறைய 70,000 ஆண்டுகளாகப் பிரிந்து நின்றவை என்று மரபணு சொல்கிறது. ஓமான் கரையில் செய்த கணக்கெடுப்பில் தேறியவை 82 அளவில்தான். 2017 நவம்பரில் அங்கே ஒரு பெண் திமிங்கிலத்தின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். லுபான் என்று பெயர், அரபியில் குந்திரிக்கம். அவள் அரபிக்கடலை நேராகக் குறுக்கே நீந்தி இந்திய மேற்குக்கரைக்கு வந்து, கரையோடு தெற்கே இறங்கி நாட்டின் தென்முனை வரை வந்து, பிறகு ஓமானுக்குத் திரும்பினாள். கரையில் பெரும்பாலோருக்குத் தெரியாமல் அந்த மாதங்களில் அவள் நம் குமரிமுனைக்கு வந்துபோயிருக்கிறாள். மணப்பாட்டுக் கோயிலில் மாலைப் பூசைக்குக் குந்திரிக்கப் புகை போட்ட வாசனை நான் இருந்த இடம்வரை வந்தது.

1979இல் சீஷெல்ஸ் என்ற சின்னஞ்சிறு தீவுநாடு முன்மொழிந்து, இந்தியப் பெருங்கடலின் 55 பாகை தெற்குவரையான பரப்பு முழுவதும் திமிங்கிலச் சரணாலயம் ஆனது. முதலில் பத்தாண்டுக்கு, பிறகு காலவரையின்றி. 1982இல் முடிவாகி 1986இல் நடைமுறைக்கு வந்த உலகளாவிய வணிக வேட்டைத் தடைக்கு முந்தையது அது. பாபநாசம் படித்துறைக் கட்டுப்பாட்டை ஒரு பெருங்கடலுக்கு நீட்டியது போன்ற காரியம். அந்தச் சரணாலயத்துத் திமிங்கிலங்களை ஆராய 1982இல் டியூலிப் என்ற சிறு பாய்க்கப்பலில் இளம் ஆய்வாளர்கள் வந்தார்கள். திருகோணமலைக்கு வெளியே நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி ஸ்பெர்ம் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தார்கள். துறைமுகத்துக்குக் கிட்டத்திலேயே நீலத் திமிங்கிலங்களையும் கண்டார்கள். பிறகு இலங்கையில் போர். 2009க்குப் பிறகுதான் மிரிஸ்ஸவிலும் திருகோணமலையிலும் சுற்றுலாப் படகுகள் பெருகின.

திரும்பிவருதல் எப்படி இருக்கும் என்பதற்குத் தென் அட்லாண்டிக்கின் தெற்கு ஜார்ஜியா தீவு சாட்சி. 1904 முதல் அங்கே கொல்லப்பட்ட நீலத் திமிங்கிலங்கள் 42,000க்கு மேல். 1998 முதல் 2018 வரை நடந்த கணக்கெடுப்புகளில் ஒரே ஒருமுறைதான் ஒன்று தென்பட்டது. 2020இல் 23 நாள் பயணத்தில் 55ஐ எண்ணினார்கள். அரை நூற்றாண்டு காலியாகக் கிடந்த வீட்டுக்குக் குடி திரும்பியிருக்கிறது. நம் கடலில் அப்படி எண்ணிச் சொல்ல ஆள் போதவில்லை. ஆனால் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். 2021இல் கேரளத்தின் விழிஞ்சம் கடலடியில் வைத்த ஒலிப்பதிவுக் கருவியில் நீலத் திமிங்கிலத்தின் குரல் கிடைத்தது. மனிதக் காதுக்கு அரிதாகவே எட்டும் அளவுக்குத் தாழ்ந்த, பல நூறு கிலோமீட்டர் பயணிக்கிற குரல். திருப்புடைமருதூரில் சாய்ந்திருக்கும் தலை நினைவுக்கு வந்தது.

அந்தக் குரலைக் கப்பல் இரைச்சல் மூடுகிறது. இலங்கையின் தெற்கே தெவுந்தர முனையை ஒட்டிப் போகும் கப்பல் பாதை உலகிலேயே நெரிசலானவற்றில் ஒன்று. நீலத் திமிங்கிலங்கள் இறால் கூட்டங்களைத் தேடி மேய்கிற நீரும் அதுவே. கப்பல் மோதி இறந்த உடல்கள் கரைக்கும் துறைமுகத்துக்கும் வந்திருக்கின்றன. பாதையைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் போதும் என்று ஆய்வாளர்கள் பல்லாண்டாகக் கேட்டுவருகிறார்கள். எம்எஸ்சி கப்பல் நிறுவனம் 2022இல் தானாக முன்வந்து தன் கப்பல்களைத் தள்ளி ஓட்டத் தொடங்கியது. பதினைந்து மைல்! ஒரு கப்பலுக்கு ஒரு மணி நேரத்துச் சங்கதி. நம் பக்கம் குமரிக்குத் தெற்கே மீன்வளம் கொழிக்கும் வாட்ஜ் கடற்பரப்பில் எண்ணெயும் எரிவாயுவும் தேடும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். அவர்கள் கேட்பது தங்கள் மீனுக்காக. ஆனால் அந்தத் தேடலுக்காக நீருக்கடியில் எழுப்பும் வெடிப்பொலிக்கு முதலில் அகப்படுவது, ஒலியால் வழி காண்கிற உயிர்கள். இந்தக் கடலில் ஈட்டி ஓய்ந்துவிட்டது. துண்டாகி மிதக்கும் நைலான் வலையும் கப்பல் முகப்பும் இரைச்சலும் ஓயவில்லை. இவற்றில் எதற்கும் கொல்லும் எண்ணம் கிடையாது, பாபநாசத்து வேட்டிக்குக் கிடையாதது போல.

இருட்டியதும் இறங்கி வந்தேன். பெரியவர் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கடலில் உயிரோடு திமிங்கிலத்தைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன்.

"பாத்திருக்கேன். நெறைய இல்ல. நாலஞ்சு தடவை. மொதல்ல தண்ணி பீச்சும், பனை உசரத்துக்கு. அப்புறம் முதுகு வரும், வந்துக்கிட்டே இருக்கும், முடியவே முடியாது. படகுல எல்லாரும் வாயடைச்சுப் போயிருவோம்." சற்று நேரம் பேசாமல் இருந்தார். "முன்னாடி அப்பா காலத்துல பாத்ததாச் சொல்ல மாட்டாவ. இப்பம் பயலுவ அப்பப்ப வந்து சொல்லுதானுவ."

மறுநாள் விடிவதற்கு முன்பே கரைக்குப் போனேன். டார்ச் வெளிச்சத்தில் நாலைந்து வள்ளங்கள் புறப்பட ஆயத்தமாக நின்றன. பெரியவரின் மகன் டீசல் கேனை ஏற்றிக்கொண்டிருந்தான். வலை, ஐஸ், சாப்பாட்டு வாளி எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்துவிட்டுப் பெரியவர் இடுப்பளவு நீரில் வள்ளத்தை முதுகுகொடுத்துத் தள்ளினார். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"வலைத்துண்டைக் கடல்ல போட்டுட்டு வராதலே, கரைக்குக் கொண்டாந்துரு. பெருசு எதும் கண்டா எஞ்சினை அணைச்சுட்டு அசையாம நில்லு. அது போட்டும், அப்புறம் நீ போ."

"சரிப்பா" என்றது இருட்டு.